கிளிமஞ்சாரோ: ஐந்து நாளா, எட்டு நாளா?

முதல்அடி:
வரும் பிப்ரவரியில் நாங்கள் நால்வர் கிளிமஞ்சாரோ ஏறத் திட்டமிட்டிருக்கிறோம். எங்களில் ஒருவர்கூட இதுவரை 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவு தங்கியதில்லை. வழிகாட்டி இல்லாமல் அந்த மலையில் ஏறத் தான்சானியாவில் அனுமதி கிடையாது என்பதால் இரண்டு நிறுவனங்களிடம் விலை கேட்டோம். ஒருவர் மராங்கு பாதையில் ஐந்து நாள் என்கிறார்; மற்றவர் லெமோஷோ பாதையில் எட்டு நாள் என்கிறார். இரண்டுக்கும் விலை வேறுபாடு அதிகம், எங்களுக்கு விடுப்பும் குறைவு. ஏறியவர்கள் வழிசொல்ல வேண்டுகிறேன்.

கற்பாதை:
நான் மராங்கு வழியாக ஐந்தே நாளில் 5,895 மீட்டர் உயர உகுரு சிகரத்தைத் தொட்டுத் திரும்பியவன். குடில்களில் தங்கும் வசதி அந்த ஒரு பாதையில்தான் உண்டு. மழை பெய்தாலும் காய்ந்த மெத்தையில் படுக்கலாம் என்பது சிறிய விஷயம் அல்ல. நாள் கூடினால் உடல் பழகும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 4,000 மீட்டரையொட்டி இரவு மேல் இரவாகக் கூடாரத்தில் கிடந்தால் தூக்கம் கெடுகிறது, பசி மங்குகிறது, கடைசி இரவுக்கு வேண்டிய தெம்பு அதற்கு முன்பே கரைந்துவிடுகிறது. இந்தக் கணக்கை யாரும் பேசுவதில்லை. நன்றாகப் பயிற்சி செய்துவிட்டு ஐந்து நாளில் போய் வாருங்கள்.

நிதானநடை:
கற்பாதை அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அதை நம்பி நான்கு புதியவர்கள் கிளம்புவதை ஏற்க முடியவில்லை. மராங்குவில் முதல் இரவு மண்டாரா குடில், 2,720 மீட்டர். இரண்டாம் இரவு ஹொரொம்போ, 3,720. மூன்றாம் நாள் மாலை கிபோ, 4,720. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. இந்தத் திட்டமோ ஒவ்வோர் இரவும் அதைப்போல் இரு மடங்கு ஏற்றிவிட்டு, கிபோவில் சில மணி நேரம் கண்ணயர விட்டு, நள்ளிரவில் சிகரத்துக்கு எழுப்புகிறது. உச்சியில் ஒவ்வொரு மூச்சுக்கும் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி ஆக்சிஜன்தான் கிடைக்கும். அதற்கு ஈடுகொடுக்க உடல் நாள்கணக்கில் வேலைசெய்ய வேண்டும். தொடை வலிமை அந்த நாள்களைக் குறைத்துத் தராது.

நானும் ஒருமுறை அதே ஐந்து நாள் திட்டத்தில் போனேன். எங்கள் குழுவிலேயே வலுவானவன், நெடுந்தூரம் ஓடிப் பழகிய என் தம்பிதான். கிபோவுக்கு மேலே உள்ள ஹான்ஸ் மேயர் குகையருகே உட்கார்ந்தபோது தண்ணீர்க் குப்பியின் மூடியை எந்தப் பக்கம் திருகுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. வழிகாட்டி கைத்தடியால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, குதிகால்மேல் விரல்நுனி தொட நடக்கச் சொன்னார். நான்காவது அடியில் சாய்ந்துவிட்டான். மூளையில் நீர் கோப்பதற்கான அறிகுறி அது. அந்த நிமிடமே அவனைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினார்கள், பிழைத்தான். அந்தக் குகைக்குப் பெயர் தந்தவரும் இந்த உச்சியை முதன்முதலில் தொட்டவருமான ஜெர்மானியர் ஹான்ஸ் மேயரே 1887இல் தோற்றுத் திரும்பியவர்தான். 1889இல் ஆஸ்திரிய மலையேறி புர்ட்ஷெல்லரோடு அவர் உச்சியை அடைந்தது, வழியெங்கும் முகாம்கள் அமைத்து, உணவு மேலே வந்துகொண்டே இருக்க ஏற்பாடு செய்துகொண்ட பிறகு.

லெமோஷோவில் லாவா கோபுரம் என்ற பாறை வரை, அதாவது சுமார் 4,600 மீட்டர் ஏறி, அன்றே பாரங்கோ முகாமுக்கு 3,900 சொச்சத்துக்கு இறங்கிப் படுப்பீர்கள். ஏறிப் பழகி, இறங்கித் தூங்குவதுதான் அந்தப் பாதையின் பலம்.

கற்பாதை:
தங்கள் தம்பிக்கு நேர்ந்தது வருத்தம் தருகிறது. இருந்தாலும் பாதையைக் குறை சொல்ல மாட்டேன். முன்கூட்டியே உடலைப் பழக்கிக்கொண்டு வந்தால் ஐந்து நாள் போதும். நான் முதலில் அருகிலுள்ள மேரு மலையில், 4,500 மீட்டருக்கு மேலான அதன் உச்சி வரை, நான்கு நாள் ஏறி இறங்கினேன். காட்டெருமை நடமாட்டம் உள்ள காடு என்பதால் அங்கே துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் உடன் வருவார். அதற்குப் பிறகுதான் மராங்கு.

நிதானநடை:
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஐயா. நான்கும் ஐந்தும் ஒன்பது நாள் ஆகிறது. உங்கள் உடல் எடுத்துக்கொண்ட நாள் குறையவே இல்லை. பாதியை வேறு மலையில் செலவிட்டிருக்கிறீர்கள். இவர்கள் நால்வரிடமும் அந்த நான்கு நாள் இல்லை.

கூடாரவாசி:
விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக வெளிநாட்டவருக்குப் பூங்காக் கட்டணம் நாளொன்றுக்கு 70 டாலர், கூடார இரவுக்கு 50 டாலர், இவற்றின்மேல் 18 விழுக்காடு வரி என்று இருந்துவருகிறது. ஆக, ஒரு நாள் கூடினால் தலைக்கு ஏறக்குறைய 140 டாலர் நிறுவனத்தின் கைக்கே வராது. எனவே எட்டு நாளையும் அடிமட்ட விலைக்குத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அந்தப் பணம் சுமைதூக்கிகளின் கூலியிலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும்தான் பிடிக்கப்படுகிறது. ஒருவர் தூக்கும் சுமை 20 கிலோவைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது, வாயிலில் எடையும் போடுகிறார்கள். லெமோஷோவில் சிகரத்துக்கு முந்தைய கடைசி முகாமான பராஃபுவில் தண்ணீர் கிடையாது. நீங்கள் அங்கே குடிக்கும் தேநீருக்குக்கூடக் கரங்கா பள்ளத்தாக்கிலிருந்து ஒருவர் தலையில் நீர் சுமந்து வந்திருப்பார். கரங்காவில் நான் பார்த்தவரின் காலணியில் அடிப்பாகம் பிளந்து, கயிற்றால் கட்டியிருந்தது. இன்னும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை. கிளிமஞ்சாரோ சுமைதூக்கிகள் உதவித் திட்டம் என்ற அமைப்பு, முறையாகக் கூலி தரும் நிறுவனங்களைக் கண்காணித்துப் பட்டியலிடுகிறது. விலை கேட்கும் முன் அதைப் பாருங்கள்.

முதல்அடி:
மூவருக்கும் நன்றி. பிப்ரவரியை விட்டுவிட்டு, ஜூன் முதல் அக்டோபர் வரையிலான வறண்ட பருவத்தில், எட்டு நாள் விடுப்பு சேர்ந்த பிறகு லெமோஷோ போவதென்று பேசி முடித்தோம். உயர நோயைத் தடுக்க எடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை அவசியமா?

நிதானநடை:
மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், சல்பா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது உடல் பழகுவதை விரைவுபடுத்துமே தவிர, நாள்களுக்கு மாற்று ஆகாது. விரல்நுனி மரத்ததுபோல் குறுகுறுக்கும்; சிறுநீர் அடிக்கடி வரும். ஊரிலேயே ஓரிரு நாள் எடுத்துப் பாருங்கள்.

கற்பாதை:
ஐந்து நாள் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை; ஆனால் உயரத்தில் ஓர் இரவுகூடத் தங்காதவர்களுக்கு அது பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிகர இரவுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். உறிஞ்சு குழாய் உள்ள நீர்ப்பை பாதி வழியில் உறைந்துவிடும். குப்பியைக் காலுறைக்குள் திணித்துப் பையில் தலைகீழாக வையுங்கள். நீர் மேற்பரப்பிலிருந்துதான் உறையத் தொடங்கும், மூடிப் பக்கம் அடைபடாது.