கிழக்கு லண்டன் பப்களும் சில முரட்டு ஆசாமிகளும்

1980களின் நடுவில் கிழக்கு லண்டனில் நாற்பது வயதைத் தாண்டிய எந்த ஆணிடம் பேச்சுக் கொடுத்தாலும், 1966 மார்ச் 9 இரவு தான் பிளைண்ட் பெக்கர் பப்பில் பீர் குடித்துக்கொண்டிருந்ததாகச் சத்தியம் செய்வார். அன்றுதான் கிழக்கு லண்டனின் தாதாக்களான கிரே இரட்டையரில் ஒருவன், ரோனி கிரே, அந்த வைட்சாப்பல் பப்புக்குள் நடந்து வந்து, கவுண்டர் அருகே உட்கார்ந்திருந்த எதிர்க்கும்பல்காரன் ஜார்ஜ் கார்னெலைத் தலையில் சுட்டான். என்னிடம் சத்தியம் செய்தவர்களை எல்லாம் உட்காரவைக்க ஒரு கால்பந்து மைதானம் வேண்டும். உண்மையில் அன்று உள்ளே இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். பொலிஸார் விசாரித்தபோது ஒருவரும் ஒன்றும் பார்க்கவில்லை. 1968இல் கிரே சகோதரர்கள் பிடிபட்ட பிறகு, அன்று கவுண்டருக்குப் பின்னால் வேலை செய்த பெண்தான் நீதிமன்றத்தில் நின்று ஆளை அடையாளம் காட்டினார். 1969இல் இரட்டையர் இருவரும் ஆயுள் தண்டனை பெற்று உள்ளே போனார்கள். ஊரே வாய் திறக்காத விஷயத்தைச் சொன்னது குவளை கழுவிச் சம்பளம் வாங்கிய ஒரு பெண். முரட்டு ஆசாமிகளைப் பற்றிப் பேச்சு வரும்போது அவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் எரிச்சல்.

அகதியாக வந்து, பகலில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு மாலையில் கேனிங் டவுன் பக்கம் ஒரு பப்பில் காலிக் குவளை பொறுக்கும் வேலை கிடைத்தது. அந்த வட்டாரம் அப்போது செத்துக்கொண்டிருந்தது. துறைமுகத்தை நம்பி வாழ்ந்த ஊர். 1981இல் ராயல் டாக்ஸும் மூடப்பட்டபின் பெரிய கப்பல் ஒன்றும் வருவதில்லை. சுமை தூக்கிய கைகள் காலை 11 மணிக்கே குவளையைத் தூக்கத் தொடங்கும். குத்துச்சண்டைக்கும் பேர்போன இடம். பார்க்கிங் (Barking) ரோட்டில் ராயல் ஓக் பப்பின் மாடியில்தான் டெரி லாலெஸ் பயிற்சிக்கூடம் வைத்திருந்தார். ஃபிராங்க் புரூனோ அங்கே தயாரானவர். ஆகவே எங்கள் பப்பில் பாதிப் பேருக்கு மூக்கு நேராக இருக்காது.

நான் வேலை செய்த பப்பில் இரண்டு பகுதிகள். கம்பளம் விரித்த சலூன் பார் ஒரு பக்கம். வெறும் பலகைத் தரையும், சிறு அம்பெறிந்து விளையாடும் டார்ட்ஸ் பலகையுமாகப் பொது பார் மறுபக்கம். இரண்டையும் கட்டி ஆண்டது முதலாளியம்மா. ஐந்தடி உயரம்கூட இருக்கமாட்டார். கழுத்தில் மூக்குக்கண்ணாடி சங்கிலியில் தொங்கும், தோளில் ஒரு ஈரத்துணி. சண்டைக்காரனையும் வெறிகாரனையும் வெளியேற்றும் அதிகாரத்தைச் சட்டம் அவருக்குக் கொடுத்திருந்தது. ஆனால் அவர் சட்டத்தை எடுத்ததில்லை, குவளையைத்தான் எடுப்பார். எதிரே இருப்பவன் பாதி குடித்திருந்தாலும் அதைத் தன் பக்கம் இழுத்து, தொட்டியில் ஊற்றிவிட்டு, "வீட்டுக்குப் போ" என்பார். அதற்குமேல் எதிர்த்துப் பேசினால் தடை. ஒரு மாதமா, ஆயுள் முழுவதுமா என்பது அவருடைய மனநிலையைப் பொறுத்தது. சிறைக்குப் போய்வந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்கள்கூட அந்தத் தடைக்கு நடுங்கினார்கள். வேறு எங்கே போவார்கள்? நண்பர்களும் கடன்காரர்களும் வேலைத் தகவலும் எல்லாம் அந்த நான்கு சுவர்களுக்குள்தான்.

எனக்கு அங்கே மதிப்பு வந்தது டார்ட்ஸால். எறிந்து அல்ல, கணக்கு எழுதி. 501இல் தொடங்கி, எறிந்து எடுத்த புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வந்து, கடைசி அம்பு இரட்டைப் புள்ளி வளையத்தில் விழவேண்டும். பலகைக்குப் பக்கத்தில் சாக்குக்கட்டியோடு அசையாமல் நின்று, மூன்று அம்பு விழுந்ததும் மீதியை எழுதவேண்டும். வாய்ப்பாடு மனப்பாடம் செய்து வளர்ந்தவனுக்கு இது பெரிய வித்தையா?

ஒரு வெள்ளி இரவு, கழுத்தே இல்லாத ஒரு தடியன் 186 மீதி இருக்கும்போது எறிந்தான். 20, வழுக்கி 5, அடுத்தது மும்மடங்கு 20. நான் 101 என்று எழுதினேன். "தொண்ணூற்றொன்று" என்றான் அவன். நான் அழிக்கவில்லை. என்னைவிட ஒரு தலை உயரமாக வந்து நின்று, அழிக்கச் சொன்னான். அவனுடைய மூச்சில் வினிகர் வாடை அடித்தது, மட்டி தின்றிருக்கவேண்டும். பப்பில் பேச்சு நின்றது. முதலாளியம்மா கவுண்டரின் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். கண்ணாடியை மாட்டி, பலகையில் குத்தி நின்ற அம்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, "இருபது. ஐந்து. அறுபது" என்று பள்ளிக்கூட ஆசிரியை மாதிரிப் படித்தார். பிறகு அவனுடைய குவளை எங்கே என்று சுற்றிலும் பார்த்தார். அந்தப் பார்வை போதும். அவனே ஓடிப்போய்க் குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரி, நூற்றியொன்று" என்றான்.

சத்தம் போட்டவர்களில் என் நினைவில் முதலிடம் ஒட்டகநிறக் கோட்டு ஆசாமிக்கு. தான் கிரே சகோதரர்களுக்குக் கார் ஓட்டியவன் என்பார். நாளுக்கு நாள் அந்தக் காரின் மாடல் மாறும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள், தன் முறை வரும்போது கூட இருப்பவர்களுக்கெல்லாம் ஒரு சுற்று பீர் வாங்காமல் கழிப்பறைக்குப் போய்விடுவதைத்தான் யாரும் மன்னிக்கவில்லை. அங்கே திருடனுக்குக்கூட நாற்காலி உண்டு, சுற்று வாங்காதவனுக்கு இல்லை. 1995 மார்ச்சில் ரோனி இறந்து, ஆறு கறுப்புக் குதிரைகள் பூட்டிய வண்டியில் பெத்னல் கிரீன் வழியாகச் சிங்ஃபோர்டுக்குப் போனபோது நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். தெருவெல்லாம் கறுப்பு டை கட்டிய கோட்டு ஆசாமிகள்.

சனிக்கிழமை இரவுகளில் இரண்டு விருந்தாளிகள் தவறாமல் வருவார்கள். வெள்ளை அங்கியில், கூடையில் மட்டியும் இறாலும் எடுத்து வரும் ஒருவர். அடுத்து, தொப்பி அணிந்து பத்திரிகை விற்க வரும், இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பின் பெண்மணி. அந்தச் சேனையே 1865இல் பிளைண்ட் பெக்கர் வாசலில் வில்லியம் பூத் செய்த பிரசங்கத்திலிருந்து கிளம்பியது. கெட்ட வார்த்தை இல்லாமல் வாக்கியம் முடிக்கத் தெரியாதவர்கள், அந்தப் பெண்மணி உண்டியலோடு நுழைந்ததும் சிகரெட்டைக் கீழே இறக்கிப் பிடிப்பார்கள். சில்லறை போடாதவனை அடுத்தவன் முறைப்பான்.

கடிகாரத்துக்குக் கீழே தனியாக உட்காரும் முன்னாள் துறைமுகத் தொழிலாளி ஒருவர் இருந்தார். வலது கையில் இரண்டு விரல் பாதிக்குமேல் இல்லை. 1988 ஆகஸ்ட் வரை பப்கள் பிற்பகல் 3 மணிக்கு மூடி மாலையில் திறக்கவேண்டும் என்ற விதி இருந்தது. மூடும் மணிக்குக் கடைசியாக எழுபவரும், திறக்கும்போது முதலில் நுழைபவரும் அவர்தான். யாரிடமும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு மாலை மொட்டைத்தலை இளைஞர்கள் சிலர் வந்தார்கள். என்னைக் காட்டி, "இவர்களை எப்போதிருந்து வேலைக்கு வைக்கிறீர்கள்?" என்று கேட்டான் ஒருவன். முதலாளியம்மா பீர்க் குழாயிலிருந்து கையை எடுத்துவிட்டு வாசலைக் காட்டினார். அவர்கள் சிரித்தார்கள். அப்போது கடிகாரத்துக்குக் கீழே இருந்த கிழவர் எழாமலே, தன் பொய்ப்பற்களைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். அவ்வளவுதான். வட்டாரத்துக்காரர்கள் எல்லோரும் தங்கள் குவளைகளைச் சுவர் ஓரமாக நகர்த்தினார்கள். வந்தவர்களில் விவரம் தெரிந்த ஒருவன் மற்றவர்களை இழுத்துக்கொண்டு போனான். கிழவர் பல்லை மாட்டிக்கொண்டு மிச்சக் கின்னஸ் பீரைக் குடித்தார்.

இதோடு நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் சில வாரங்கள் கழித்து அவரே சொன்னார்: 1968 ஏப்ரலில், வெளிநாட்டவர் குடியேறுவதை எதிர்த்துப் பேசிய அரசியல்வாதி ஈனாக் பவலுக்கு ஆதரவாகத் துறைமுகத் தொழிலாளர்கள் நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனபோது அவரும் போயிருந்தார். வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. பஸ் டிக்கெட் விலையைச் சொல்வதுபோலச் சொன்னார். எங்களைப் போன்றவர்கள் இங்கே வரக்கூடாது என்றுதானே நடந்தீர்கள், பிறகு அன்றைக்கு ஏன் பல்லைக் கழற்றினீர்கள் என்று கேட்டேன்.

"நீ இந்தப் பப்பில் வேலை செய்கிறாய்" என்றார். "கணக்கும் சரியாக எழுதுகிறாய்."

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. மறுபடியும் கேட்டேன். காலிக் குவளையை என் பக்கம் நகர்த்திவிட்டு, குதிரைப் பந்தயப் பக்கத்தைப் பிரித்துக்கொண்டார்.