மழையில் நனைந்த கேமரா: கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்

சாரல்காற்று
வால்பாறை, ஜூலை மாதம். சிங்கவால் குரங்குக் கூட்டம் சாலையைக் கடக்கிறது. வெதர் சீல் (நீர் புகாமல் இணைப்புகளில் வைக்கும் ரப்பர் அடைப்பு) உள்ள பாடி, 24-இலிருந்து 105 மிமீ வரை ஜூம் ஆகும் 24-105 லென்ஸ், மேலே ஒரு ஷவர் கேப். 105-க்கு நீட்டியபோது வெளியே வந்த குழாய் முழுக்கத் துளித்துளியாகத் தண்ணீர். துடைக்காமல் அப்படியே 24-க்குத் திருப்பியாயிற்று. பத்தே நிமிடம், உள்கண்ணாடியில் வெள்ளைப் படலம். இன்றுவரை உறுத்துவது அந்த ஒரு திருப்பல்தான். நீளும் ஜூம் காற்றை உள்ளே இழுக்கும், மடங்கும்போது ஈரக் குழாயே உள்ளே போகும். துடைத்த பிறகே மடக்குங்கள்.

கரையோரம்
அது மழைத்தண்ணீர் இல்லை அண்ணே, ஏசி காரில் இருந்து இறங்கியிருப்பீர்கள். சென்னையில் அக்டோபரில் தினமும் பார்ப்பது இது. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதிலும் நீர் படியும். அறை 22-ல் இருந்தால் லென்ஸும் 22. அறைக்குள்ளேயே ஜிப் பையில் போட்டு மூடி, வெளியே வந்து அரை மணி நேரமாவது கழித்துத் திறந்தால் பனி பையின் மேல்தான் படியும்.

சாரல்காற்று
ஜூலை வால்பாறையில் ஏசி யார் போடுவார்கள்? படலம் ஒரு ஓரத்தில்தான் அடர்த்தி, அதன் நடுவே ஒரு துளியும் தெரிந்தது. ஏசி பனி என்றால் சீராகப் படியும், சூடேறியதும் போய்விடும்.

பழைய எல் லென்ஸ்
இருவருமே ஷவர் கேப்பை விட்டுவிட்டீர்கள். அது மேலே மட்டும்தான் மூடும். 12க்கு 18 அங்குல பாலித்தீன் பை வாங்குங்கள். மூடிய முனையில் லென்ஸ் ஹுட்டைவிட (லென்ஸ் முன்னால் மாட்டும் வளைய மறைப்பு) சற்றுச் சிறிதாக ஓட்டை வெட்டி, ஹுட்டின் மேல் இழுத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். ஐகப்பை (கண் வைத்துப் பார்க்கும் இடத்து ரப்பர் வளையம்) கழற்றி, அந்த இடத்தில் பையில் சிறு கீறல் போட்டு, பைக்கு வெளியே இருந்து ஐகப்பை மறுபடி மாட்டினால் மூச்சுக்காற்று உள்ளே போகாது. கைகள் கீழ்த்திறப்பு வழியாக. ஹாட் ஷூவுக்கு (ஃபிளாஷ் மாட்டும் மேல் இடுக்கு) மூடி அவசியம், ஃபிளாஷ் மாட்டினால் சில பாடிகளில் தண்ணீர் புகும் வழி அதுதான். கேனான் 17-40 எல் போன்ற லென்ஸ்களில் முன்னால் 77 மிமீ ஃபில்டர் மாட்டினால்தான் சீலே முழுமையாகும், இது பலருக்குத் தெரியாது.

கரையோரம்
ஹுட் ஓட்டை விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

உலர்பெட்டி
அரிசி டப்பாவில் இரண்டு நாள் புதைத்துவிட்டுப் பழுதுக்கு வந்த ஒரு கேமரா கண்ணிலேயே நிற்கிறது: ஹாட் ஷூ இடுக்கில் ஒரு குறுநொய், லென்ஸ் மவுண்டை (பாடியில் லென்ஸ் பொருந்தும் வாய்) சுற்றி வெள்ளை மாவு. தயவுசெய்து அரிசி வேண்டாம். நனைந்ததும் பேட்டரியைக் கழற்றுங்கள், "ஆன் ஆகிறதா பார்ப்போம்" என்று பட்டனை அழுத்தாதீர்கள், ஷார்ட் ஆவது அப்போதுதான். அடுத்து மெமரி கார்டு. வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு, மவுண்ட் கீழே பார்க்கும்படி பிடித்து லென்ஸைக் கழற்றுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் 200 கிராம் சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்), இரண்டு நாள், நடுவில் திறக்காமல். ஆரஞ்சு மணி பச்சையானால் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். கடல் சாரல் என்றால் முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். உப்பு அங்கேயே இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், மின் இணைப்பு உலோகங்கள் பச்சை பூத்துவிடும்.