அப்பாவின் ஹேண்டிகேம் அந்தமானுக்குப் போகிறது

குழு: வடக்குத் தெரு வீடு

ஞாயிறு

செந்தில்: பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் ஹேண்டிகேம் கிடைத்தது. பை, சார்ஜர், இரண்டு பேட்டரி, ஆறு டேப் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சார்ஜ் போட்டுப் பார்த்தேன், ஒரு பேட்டரிக்கு இன்னும் உயிர் இருக்கிறது. அந்தமானுக்கு இதையே கொண்டு போகலாமா?

விஜி அக்கா: அந்தக் கறுப்புப் பையா! பக்கத்து ஜிப்பில் லென்ஸ் துடைக்க ஒரு மஞ்சள் துணி வைத்திருப்பாரே, இருக்கிறதா பார்.

செந்தில்: இருக்கிறது அக்கா. நாலாக மடித்த மடிப்புகூடக் கலையவில்லை.

அம்மா: கொண்டு வா தம்பி. கப்பலில் அந்தமான் போகணும் என்று எத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கேமராவாவது போகட்டும்.

செந்தில்: டேப்பையும் எடுத்து வருகிறேன் அம்மா. ராத்திரி ரூமில் உட்கார்ந்து அந்தச் சின்ன ஸ்கிரீனிலேயே ஊட்டி டேப்பைப் பார்க்கலாம்.

அம்மா: ஏர்போர்ட்டில் பெட்டியை மெஷினுக்குள் விடுவார்களே. எக்ஸ்ரே பட்டால் டேப்பில் இருப்பது அழிந்துவிடாதா? அழியும் என்றால் டேப் வேண்டவே வேண்டாம்.

விஜி அக்கா: எனக்கும் அதே பயம். அந்த ஆறு டேப்பிலும் அப்பாவின் முகம் எங்கேயும் கிடையாது, கேமரா எப்போதும் அவர் கையில்தானே இருந்தது. குரல் மட்டும்தான். "விஜி, இங்கே பாரு, இங்கே பாரு" என்று கூப்பிடுவது. அந்தக் குரல் வேறு எதிலும் நம்மிடம் இல்லை.

செந்தில்: முருகேசன் மாமாவைக் கேட்போம். மாமா, ஆன்லைனில் இருக்கிறீர்களா?

முருகேசன் மாமா: இருக்கிறேன். ஒரு வளைகாப்பு எடிட்டிங் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்து நிமிஷம்.

முருகேசன் மாமா: சரி, சொல்கிறேன். அக்கா, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். உங்களிடம் இருப்பது மினி டிவி (MiniDV) டேப், சின்ன வீடியோ கேசட். அதில் படம் காந்தமாகப் பதிந்திருக்கிறது. எக்ஸ்ரே காந்தத்தை ஒன்றும் செய்யாது. கெட்டுப்போவது பழைய ஃபிலிம் ரோல்தான், அதுவும் கழுவாத ரோல். ஃபிலிமில் எக்ஸ்ரே பட்டால் வெளிச்சம் பட்ட மாதிரி புகை படிந்துவிடும். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். நான் கல்யாண வீடியோ எடுக்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம். டேப் காலத்தில் டெல்லிக்கும் மும்பைக்கும் கல்யாணத்துக்குப் போய், எடுத்த டேப்பையெல்லாம் அந்த மெஷின் வழியாகத்தான் கொண்டு வந்தேன். ஒரு ஃபிரேம் போனதில்லை.

அம்மா: அப்பாடா.

முருகேசன் மாமா: ஆனால் அக்கா, அப்பா டேப் பயணத்துக்கு வர வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். காரணம் வேறு. ஒன்று, இத்தனை வருஷம் பரணில் கிடந்த மெஷின். உள்ளே ரப்பர் உருளை எப்படி இருக்கிறதோ தெரியாது. முதல் முதலாக அதில் போடும் டேப்பை அது மென்றுவிட்டால்? மென்ற இடத்தைத் திரும்ப நீட்டி ஒட்டி எடுக்க முடியாது. டேப்பின் அகலமே கால் அங்குலம்தான். இரண்டு, அந்தமான் காற்று. கடலோரம், ஈரம். ஏசி ரூமில் குளிர்ந்து கிடந்த கேமராவை வெளியே எடுத்தால் உள்ளே டேப் சுற்றிப் போகும் டிரம்மில் பனி பிடிக்கும், ஐஸ் தண்ணீர் டம்ளரில் வெளிப்பக்கம் வேர்க்கிற மாதிரி. அந்த ஈரத்தில் டேப் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்கிரீனில் ஒரு நீர்த்துளிப் படம் மின்னினால் அதுதான் அர்த்தம். ஒரு ரிசப்ஷனில் ஏசி காரிலிருந்து இறங்கிய கையோடு கேமராவை ஆன் பண்ணி, இந்தத் துளி வந்து, மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நிற்க நான் ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். எக்ஸ்ரேயைவிட இதற்குத்தான் பயப்பட வேண்டும்.

செந்தில்: அப்படியானால் என்ன செய்யலாம் மாமா?

முருகேசன் மாமா: நாளைக்கே டேப், கேமரா இரண்டையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வா. கூரியர் வேண்டாம், கையில் கொண்டு வா. முதலில் ஒரு வெறும் டேப்பைப் போட்டு உன் மெஷினை ஓட்டிப் பார்ப்போம். அப்பா டேப்பை, டேப் ஓட்டும் என் டெக்கில் போட்டு, ஃபயர்வயர் கேபிள் வழியாகப் பழைய கம்ப்யூட்டரில் இறக்கிவிடுகிறேன். ஒரு மணி நேர டேப் இறங்க ஒரு மணி நேரம் ஆகும், வேகமாக ஓட்டவே முடியாது. டேப்புக்கு 13 ஜிபி வரும். ஆறு டேப்புக்கும் ஒரு முழு நாள். இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி வா, ஒன்று உனக்கு, ஒன்று விஜிக்கு.

முருகேசன் மாமா: அதுவரை ஒவ்வொரு டேப்பின் முதுகிலும் ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கும். ஒரு பக்கம் ரெக், இன்னொரு பக்கம் சேவ். ஆறையும் சேவ் பக்கம் தள்ளிவிடு. தெரியாமல் பட்டன் பட்டாலும் மேலே பதியாது.

செந்தில்: பார்த்தேன் மாமா. ஐந்து டேப்பை அப்பாவே தள்ளி வைத்திருக்கிறார். ஊட்டி டேப் மட்டும் திறந்திருந்தது. தள்ளிவிட்டேன்.

புதன்

செந்தில்: ஆறும் இறங்கிவிட்டன. கேமராவும் நன்றாக ஓடுகிறது, டேப்பைப் படிக்கும் ஹெட்டை மாமா துடைத்துக் கொடுத்தார். நாலு புது டேப்பும் தந்தார், காசு வாங்கவில்லை. அனிதா, ஏர்போர்ட் விஷயம் நீதான் சொல்ல வேண்டும்.

அனிதா: இப்போதுதான் டியூட்டி முடிந்தது அண்ணா. கவனமாகப் படியுங்கள். கேமரா, பேட்டரி, டேப் எல்லாம் கைப்பையில். செக்-இன் பெட்டியில் ஒன்றுகூட வேண்டாம். கழற்றி வைத்த பேட்டரி பெட்டிக்குள் போகவே கூடாது. சரக்கு அறையில் அது தீப்பிடித்தால் யாருக்கும் கை எட்டாது, சீட்டுப் பக்கம் என்றால் உடனே அணைக்கலாம். அதற்காகத்தான் இந்த விதி.

விஜி அக்கா: உண்மை. போன வருஷம் நாங்கள் டெல்லி போனபோது இவர் இரண்டு பேட்டரியைப் பெட்டியில் போட்டுவிட்டார். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அடுக்கின புடவையெல்லாம் மேஜை மேல். கேட் மூடுவதற்குள் ஓடினோம்.

செந்தில்: பேட்டரி அளவு ஏதாவது பார்ப்பார்களா?

அனிதா: பேட்டரிக்குள் எவ்வளவு மின்சக்தி என்பதை வாட் அவர் கணக்கில் பார்ப்பார்கள். 100 வாட் அவர் வரை யாரும் கேட்க மாட்டார்கள். 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேலே ஏற்றவே முடியாது. உங்கள் பேட்டரியில் என்ன எழுதியிருக்கிறது?

செந்தில்: 7.2 வோல்ட், 1180 எம்ஏஹெச்.

அனிதா: 1180 எம்ஏஹெச் என்றால் 1.18 ஆம்பியர் அவர். 7.2ஐ 1.18ஆல் பெருக்குங்கள். எட்டரை வாட் அவர். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கதிர் வைத்திருக்கும் 20,000 எம்ஏஹெச் பவர் பேங்கே 74 வரும், அதையே கையில் கொண்டு போகலாம். ஆனால் பேட்டரியின் உலோக முனைகள் மேல் செல்லோடேப் ஒட்டி, தனித்தனிக் கவரில் போடுங்கள். சாவியோ சில்லறையோ உரசினால் சூடேறிவிடும்.

கதிர்: அனிதா சித்தி, என் ஃபிலிம் கேமராவுக்கு ஐஎஸ்ஓ 400 ரோல் ஒன்று இருக்கிறது. அது?

அனிதா: மாமா சொன்ன ஆபத்து உன் ரோலுக்குத்தான் கண்ணா. செக்-இன் பெட்டியில் போட்டால் போச்சு, அங்கே ஸ்கேன் ரொம்ப பலம். கைப்பையில் வை. கண்ணாடிக் கவரில் தனியாக எடுத்து நீட்டி, மெஷின் வேண்டாம், கையால் பார்த்துக் கொடுங்கள் என்று பணிவாகக் கேள். செய்வதும் செய்யாததும் அங்கே இருப்பவர் முடிவு. இதற்காகவே சீக்கிரம் வரிசைக்கு வந்துவிடு. முடிந்தால் ரோலை அங்கே போய் வாங்கி, அங்கேயே கழுவிவிடு.

அம்மா: மாவடு ஊறுகாய் எடுத்து வைத்திருக்கிறேன்.

அனிதா: அது பெட்டியில் பெரியம்மா. ட்ரைபாடும் பெட்டியிலேயே போகட்டும்.

அனிதா: அப்புறம் ஒன்று. செக்யூரிட்டி இடத்தில் கேமராவை ஆன் பண்ணிக் காட்டச் சொல்லலாம். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். காட்டியதும் உடனே அணைத்துவிடுங்கள், அங்கே ஒரு நொடிகூடப் படம் பிடிக்கக் கூடாது. இறங்குகிற இடத்திலும் அப்படித்தான். அது கடற்படையின் ஓடுதளம். ஜன்னல் வழியாகக் கடல் என்ன அழகாகத் தெரிந்தாலும் இறங்கும்போது கேமரா பைக்குள் இருக்கட்டும்.

முருகேசன் மாமா: பாராடாங் தீவுக்குப் போகிற வழியில் ஜாரவா பழங்குடி மக்கள் வாழும் காடு வரும். அங்கேயும் கேமரா வெளியே வரவே கூடாது. படம் எடுத்தால் வழக்கு. சட்டம் இல்லாவிட்டாலும் எடுக்கக் கூடாது, அவர்கள் வீட்டு வழியாக நாம் போகிறோம்.

அம்மா: சரியாகச் சொன்னாய் முருகேசா.

சனி

செந்தில் (காலை 5:20): சென்னை ஏர்போர்ட் உள்ளே வந்துவிட்டோம்.

செந்தில் (5:58): முடிந்தது. ஹேண்டிகேம் தனி ட்ரேயில், பேட்டரியும் டேப்பும் பக்கத்தில். ஆன் பண்ணச் சொன்னார்கள், வந்தது. ஒரு வெள்ளைத் துணித் துண்டால் மேலெல்லாம் துடைத்து, அதை ஒரு மெஷினில் வைத்துப் பார்த்தார்கள்.

விஜி அக்கா: அது எதற்கு?

அனிதா: வெடிமருந்துத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. வழக்கமாகச் செய்வதுதான்.

செந்தில்: அம்மா பெல்ட்டின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, ட்ரே வெளியே வரும் வரை நகரவே இல்லை. வந்ததும் முதலில் மஞ்சள் துணி இருக்கிறதா என்று பையைத் தடவிப் பார்த்தார்கள்.

கதிர்: என் ரோலைக் கையால் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள்!

செந்தில் (10:15): இறங்கிவிட்டோம். கேமரா பையிலேயே இருந்தது. கதிர் வழி முழுக்கக் கேட்டான், எடுக்கவில்லை.

முருகேசன் மாமா: ஓட்டல் போனதும் பையைத் திறக்காதே. ஏசியைப் போடாமல் ஒரு மணி நேரம் அப்படியே வை.

செந்தில் (மதியம் 1:40): ஒரு மணி நேரத்துக்கு மேலேயே வைத்தோம். துளி வரவில்லை. கார்பைன்ஸ் கோவ் கடற்கரையில் இருக்கிறோம், டேப் சுற்றுகிறது.

விஜி அக்கா: யார் எடுக்கிறது? நீயா?

செந்தில்: அம்மா. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கதிர், இங்கே பாரு, இங்கே பாரு" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முருகேசன் மாமா: முடிந்ததும் தாழ்ப்பாளை சேவ் பக்கம் தள்ளிவிடு செந்தில்.