பெரியப்பா நடித்த நாடகக் கசெட்டுகளில் பூஞ்சை, திருகோணமலை

என் பெரியப்பா 1980களிலும் 90களிலும் இலங்கை அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியின் தமிழ் நாடகங்களில் குணச்சித்திர வேடங்களில் நடித்தவர். விதானையார், தேத்தண்ணிக் கடைக்காரர், பெண்ணின் தகப்பன். கதாநாயகனாக ஒருநாளும் இல்லை. இரண்டு நிமிடம் வந்தாலும் அந்த ஆளாகவே வந்துவிட்டுப் போவார். போன வருடம் காலமானார். அவர் நடிப்பில் மிச்சம் இருப்பது வீட்டில் பதிந்துவைத்த 4 கசெட்டுகள் மட்டுமே.

விஎச்எஸ் வீடியோ கசெட்டுகள், ஈ-180 (மூன்று மணி நேர நாடா), பால் (PAL) ஒளிபரப்பு முறை. உவர்மலை வீட்டு அலுமாரியில் இருபது வருடத்துக்கு மேல் கிடந்தவை. கடற்காற்றுத்தான் காரணம் என்று நினைக்கிறேன், சுருளின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. மே மாதம் ஒன்றைப் போட்டேன். அவர் குரல் கேட்டது. படம் கோடு கோடாக ஓடி, பத்து நிமிடத்தில் டெக் நின்றுவிட்டது. டெக்கின் ஹெட்டை (நாடாவைப் படிக்கும் பாகம்) ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்தேன், அப்புறம் வேறு டெக்கிலும் பார்த்தேன். அதே கதை. டவுனில் இரண்டு கடைகளில் கேட்டேன், பூஞ்சை என்றதும் கையை விரித்துவிட்டார்கள். ஹெட்டில் ஒட்டிய பூஞ்சை அடுத்த கசெட்டுக்கும் பரவும் என்பதால் மற்ற மூன்றையும் போடவில்லை. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைத்திருக்கிறேன்.

தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. கொழும்போ யாழ்ப்பாணமோ, நானே கொண்டுவருவேன்.

பூஞ்சை பிடித்த விஎச்எஸ் நாடாவைச் சுத்தம் செய்து டிஜிட்டலாக மாற்றித் தருபவர் இலங்கையில் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?