நரம்பில் செல்வது மின்தூண்டல் என்றால், நடுவில் வேதிப்பொருள் எதற்கு?

இளவேனில் (கேள்வி):
வணக்கம். என் மகளுக்கு நரம்பு மண்டலப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது, அவள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு என்னிடம் விடை இல்லை. நியூரான் எனும் நரம்பு செல்லின் நீண்ட இழையான ஆக்சான் வழியே மின்தூண்டல் அதன் முனையை அடைந்ததும் வேதிப்பொருள் வெளிப்பட்டு அடுத்த நியூரானைத் தூண்டுகிறது என்று பாடநூல் சொல்கிறது. மின்தூண்டலாக வந்தது அப்படியே அடுத்த நியூரானுக்குத் தாவிவிடலாமே, இந்தச் சுற்றுவழி எதற்கு என்பது முதல் கேள்வி. எல்லாத் தூண்டல்களும் ஒரே அளவுதான் என்றால், மெல்லத் தொடுவதையும் ஓங்கி அடிப்பதையும், ஒளியையும் ஒலியையும் மூளை எப்படிப் பிரித்தறிகிறது என்பது இரண்டாவது.

உடலியல் பயிற்றுநர்:
பாதிக் குழப்பம் ‘மின்தூண்டல்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. அதைக் கேட்டதும் செப்புக் கம்பி நினைவுக்கு வந்துவிடுகிறது. ஓய்வில் உள்ள நியூரானின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். அந்த வேறுபாடு 55 மில்லிவோல்ட் அளவுக்குக் குறைந்தால், சவ்விலுள்ள சோடியம் வாயில்கள் திறந்து அயனிகள் உள்ளே புக, அவ்விடத்தின் உட்புறம் நேர்மின் நிலைக்கு மாறுகிறது. அந்த மாற்றம் பக்கத்து வாயில்களைத் திறக்க, அவை அடுத்தவற்றைத் திறக்கின்றன. வெடித்திரியில் நெருப்பு நகர்வதைப் போன்றது இது. திரி எரிந்தால் சாம்பல்தான். ஆக்சானோ பொட்டாசியம் அயனிகள் வெளியேறுவதால் சில மில்லிநொடிகளில் மீண்டும் ஆயத்தமாகிவிடும். கணவாய் என்னும் கடலுயிரியின் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆக்சானில் மின்முனையைச் செருகி ஆய்ந்த ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் இதைக் கணித வடிவிலேயே எழுதிக் காட்டினர்.

மையலின் எனும் கொழுப்பு உறை கொண்ட தடித்த இழைகளில் தூண்டலின் வேகம் நொடிக்கு 100 மீட்டரை எட்டக்கூடும்; உறையற்ற மெல்லிய இழைகளில் ஏறத்தாழ 1 மீட்டர்தான். கால்விரலை மேசைக்காலில் இடித்துக்கொண்டால் முதலில் சுளீரென்று ஒரு வலியும், சற்றுத் தாமதித்து ஆழ்ந்த வலியும் வருகின்றனவே, அவை வேகத்தில் வேறுபட்ட இருவகை இழைகளின் வழியே வருபவை.

கணு:
முதல் கேள்விக்கு வருகிறேன். இரு நியூரான்கள் சந்திக்கும் இடமான சினாப்ஸில் உள்ள இடைவெளி ஏறத்தாழ 20 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. அதை வேதிப்பொருள் கடக்கிறது என்பதை 1921இல் ஓட்டோ லோவி மிக எளிமையாக நிறுவினார். ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தணித்தார். அந்த இதயம் இருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்துக்குச் செலுத்த, நரம்பைத் தொடாமலேயே அதன் துடிப்பும் தணிந்தது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின் என்று பின்னர் தெரியவந்தது.

சுற்றுவழியின் பயன் என்னவென்றால், மின்தூண்டலால் ‘ஆம்’ என்று மட்டுமே சொல்ல முடியும். வேதிப்பொருளால் ‘வேண்டாம்’ என்றும் சொல்ல முடியும். குளுட்டமேட் பெறும் நியூரான் தூண்டப்படுகிறது, காபா பெறும் நியூரான் பெரும்பாலும் அடக்கப்படுகிறது. ஆயிரக்கணக்கான சினாப்ஸ்களிலிருந்து வரும் இந்த இருவகைச் செய்திகளையும் கூட்டிக் கழித்துத்தான் ஒரு நியூரான் தூண்டலை எழுப்புவதா வேண்டாமா என்பது முடிவாகிறது. மேலும், பயன்பாட்டுக்கேற்ப சினாப்ஸ் வலுப்பெறவும் நலியவும் கூடியது. கற்றல் பெரும்பாலும் அங்கேதான் நிகழ்கிறது. இதற்குக் கொடுக்கும் விலை அரை மில்லிநொடி அளவுத் தாமதம். என் கணக்கில் மலிவுதான்.

முகுளம்:
சிறு திருத்தம்: உங்கள் மகள் சொன்ன நேரடித் தாவலும் உண்டு. சில நியூரான்கள் நுண்துளைகளால் இணைந்திருப்பதால் அயனிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேரே செல்கின்றன. ஒருசேர இயங்க வேண்டிய நியூரான்களுக்கு அது பொருந்தும்.

இரண்டாவது கேள்விக்கு: தூண்டலின் உயரம் மாறாது, எண்ணிக்கைதான் மாறும். மெல்லத் தொட்டால் நொடிக்குச் சில தூண்டல்கள், அழுத்தினால் பல. கூடவே மேலும் பல இழைகள் சேர்ந்துகொள்ளும். 1920களில் இதைக் கண்டறிந்த எட்கர் ஏட்ரியனுக்கு, ஷெரிங்டனுடன் பகிர்ந்து 1932இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒளியா ஒலியா என்பதைத் தூண்டல் சொல்வதில்லை, அது போய்ச்சேரும் இடம் சொல்கிறது. விழித்திரையிலிருந்து வருபவை மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் வழியாகப் பெருமூளையின் பின்புறத்திலுள்ள பிடரி மடலுக்கும், செவியிலிருந்து வருபவை பக்கவாட்டிலுள்ள பொட்டு மடலுக்கும் செல்கின்றன. கண்ணை மூடி, இமையின் ஓரத்தை விரலால் மிக மென்மையாக ஒரு கணம் அழுத்தச் சொல்லுங்கள். எதிர்ப்புறத்தில் மங்கலான ஒளிவளையம் ஒன்று தோன்றும். அங்கே ஒளி ஏது? அழுத்தம் விழித்திரையைத் தூண்ட, மூளை அதையும் ஒளி என்றே கொள்கிறது.

இளவேனில்:
மூவருக்கும் நன்றி. வளையத்தைப் பார்த்துவிட்டு மகள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டாள்: வெளிப்பட்ட வேதிப்பொருள் இடைவெளியிலேயே தங்கிவிட்டால், தூண்டல் ஓயாமல் தொடராதா?

கணு:
தொடரும், ஆகவேதான் அதைத் தங்க விடுவதில்லை. குளுட்டமேட்டை நியூரான்களுக்குத் துணைநிற்கும் கிளியல் செல்கள் அருகிலிருந்து உறிஞ்சிக்கொள்கின்றன. செரட்டோனினை அதை வெளியிட்ட நியூரானே திரும்ப எடுத்துக்கொள்கிறது. அசிட்டைல்கோலினை ஒரு நொதி மில்லிநொடிக் கணக்கில் சிதைத்துவிடுகிறது. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகள் முடக்குவது இந்த நொதியைத்தான். அந்த நஞ்சு உடலில் சேர்ந்தவருக்கு முதலில் தசைகள் தாமாகத் துடிக்கும், பிறகு ஓயாத தூண்டலாலேயே செயலிழக்கும். மூச்சுத் தசைகளும் அதற்கு விலக்கல்ல.