சட்டி மேளம் அடிக்கிற பசங்களுக்குக் காது டெஸ்ட் எடுக்க உதவி தேவை
வணக்கம். சென்னை வியாசர்பாடியில் எங்கள் தெருப் பசங்க நிறைய பேர் சட்டி மேளம் அடிக்கிறார்கள். சாவு வீடு, ஆடியில் கூழ் ஊற்றும் திருவிழா என்று மணிக்கணக்காக அடி, கூடவே வெடியும் ஸ்பீக்கரும். என் தம்பிக்கு வயசு 23, ராத்திரி படுத்தால் காதுக்குள் 'ஙொய்' என்று ஓடிக்கொண்டே இருக்கிறதாம், மெதுவாகப் பேசினால் "இன்னா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான்.

எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொல்கிறார் ஆயா. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். சத்தத்தால் கெடுவது உள்காதில் இருக்கிற நுண்ணிய மயிர் செல்கள், எண்ணெய் அங்கே போகவே போகாது, செத்த செல் திரும்ப முளைக்கவும் முளைக்காது. 85 டெசிபல் (சத்தத்தை அளக்கிற அலகு) சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது கணக்கு. 3 டெசிபல் கூடினாலே அந்த நேரம் பாதியாகிவிடும், 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். மேளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறவனுக்கு?

தம்பியை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் காட்டப் போகிறோம். மற்றவர்கள்தான் "ஒண்ணும் ஆவாது"ன்னு வரமாட்டேன் என்கிறார்கள் (ஒருநாள் கூலி போய்விடும், அதுவும் நியாயம்தான்).

அதனால் கேட்கிறேன்: ஆடியோமெட்ரி டெஸ்ட் (காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கிற டெஸ்ட்) எடுக்கிற ஆடியாலஜிஸ்ட் யாராவது ஆடிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வர முடியுமா? இடம், டீ, சாப்பாடு எங்கள் பொறுப்பு. அப்புறம், இசைக் கலைஞர்கள் போடுகிற காது அடைப்பான், தாளம் மழுங்காமல் சத்தத்தை மட்டும் குறைக்குமே, பாரிமுனைப் பக்கம் எங்கே கிடைக்கும், என்ன விலை? வெறும் பஞ்சு போதாது. தெரிந்த அண்ணன், அக்கா யாராக இருந்தாலும் கீழே சொல்லுங்கள்.