பார்கின்சன் உள்ள அப்பாவை உடற்பயிற்சிக்கு வற்புறுத்துவதா, விட்டுவிடுவதா?

நீலவானம்:
அப்பாவுக்கு வயது 68. சில வருடங்களாகப் பார்கின்சன். லெவோடோபா மாத்திரை ஒரு நாளைக்கு மூன்று வேளை. கை நடுக்கம் ஓரளவு அடங்கிவிட்டது, நடைதான் கவலையாக இருக்கிறது. நன்றாக நடந்து வருபவர் அறை வாசலுக்கு வந்ததும் அப்படியே நின்றுவிடுகிறார். பாதம் தரையில் ஒட்டிக்கொள்கிறது, மேல் உடம்பு மட்டும் முன்னால் சாய்கிறது. பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுக்கிறோம். குரலும் தணிந்துவிட்டது.

நரம்பியல் மருத்துவர் "எக்சர்சைஸ் பண்ணச் சொல்லுங்கள்" என்று சொல்லி முடித்துவிட்டார். மலச்சிக்கலுக்கு வேறொரு மருத்துவர், பிசியோ தனி. ஒருவர் சொல்வது இன்னொருவருக்குத் தெரிவதில்லை. காலையில் எழுந்ததும் நடக்கக் கூட்டிப் போனால் கொஞ்ச தூரத்திலேயே "போதும்மா" என்று உட்கார்ந்துவிடுகிறார். மனசு கேட்கவில்லை. என்ன செய்வது?

நடைவழி:
வணக்கம். நரம்பியல் நோயாளிகளோடு வேலை செய்யும் பிசியோ நான். அப்பா காலையில் நடக்கும்போது முதல் மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எழுந்த உடனே என்றால், முந்தின நாள் மருந்து முழுக்க வடிந்துபோயிருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் அவரால் முடியாததை விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கப் பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். உடம்பு இலகுவாகும் அந்த வேளையை 'ஆன்' என்போம். கடினமான பயிற்சி எல்லாம் அப்போதுதான்.

மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போடுகிறாரா என்றும் பாருங்கள். புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலில் ஒரே வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். மூளைக்குள் நுழையும் இடத்திலும் அதே போட்டி. அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொல்வார்கள். இரைப்பை மெதுவாகக் காலியானாலும் மருந்து தாமதமாகத்தான் ஏறும். இந்த நோயில் வயிறு, குடல் இரண்டுமே மந்தமாகிவிடும். அப்பாவின் மலச்சிக்கலைத் தனிப் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள். அதுவும் நரம்பியல் மருத்துவரின் காதுக்குப் போக வேண்டும்.

ஒரு நோட்டு போடுங்கள். மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம், எப்போது நன்றாக நடந்தார், எங்கே கால் ஒட்டியது, விழுந்தாரா, இரவில் தூக்கத்தில் கத்துகிறாரா, கை கால் வீசுகிறாரா. படுத்தபடி ஒரு பிரஷர், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு பிரஷர். மேல் அளவு 20 புள்ளிக்கு மேல் இறங்கினால் பயிற்சிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் அதே நோட்டைக் கொண்டு போங்கள். நெதர்லாந்தில் 2004ல் பார்கின்சன்நெட் என்று ஒரு வலையமைப்பை ஆரம்பித்தார்கள். இந்த நோயில் தனிப் பயிற்சி பெற்ற பிசியோ, பேச்சுப் பயிற்சியாளர், செவிலியர், மருத்துவர் எல்லாரையும் இணைத்து வேலை செய்ய வைப்பதுதான் அதன் நோக்கம். அப்படி ஒன்று பக்கத்தில் இல்லாதவர்களுக்கு அந்த இணைப்பை வீட்டில் ஒருவர்தான் செய்தாக வேண்டியிருக்கிறது. அநியாயம்தான், ஆனால் இன்றைய நிலை இதுதான்.

பயிற்சி லேசாக இருந்தால் போதாது என்பது என் உறுதியான கருத்து. மூச்சு வாங்க வேண்டும். பேச முடியும், பாட முடியாது என்ற அளவுக்கு. நெதர்லாந்தில் நோய் முற்றாத 130 பேரை வைத்து ஆறு மாதம் ஒரு ஆய்வு நடந்தது, 2019ல் வெளியானது. ஒரு பாதியினர் வாரம் மூன்று முறை, அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை வீட்டிலேயே நிலை சைக்கிள் மிதித்தார்கள். மறு பாதியினர் உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தார்கள். மருந்தின் வேகம் இல்லாத நேரத்தில் அளந்து பார்த்தபோது, மிதித்தவர்களின் அசைவுக் கோளாறு அவ்வளவாகக் கூடவில்லை. நோயை இது நிறுத்திவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மருந்துச் சீட்டில் எழுத வேண்டிய விஷயம் இது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கால் ஒட்டிக்கொள்பவருக்கு டிரெட்மில்லை விட நிலை சைக்கிள் பத்திரம். நடக்க முடியாமல் உறைந்து நிற்பவர்களில் சிலர் சைக்கிளைச் சரளமாக மிதிப்பார்கள். இதய நோய் இருந்தால் முதலில் அதற்கான அனுமதி வாங்குங்கள்.

கார்த்திகைப்பூ:
எனக்கே பார்கின்சன். தயவுசெய்து அப்பாவை இழுக்காதீர்கள். இழுத்தால் உடம்பு முன்னால் வரும், கால் வராது, விழுவோம். நான் செய்வது இது: நின்றுவிட்டேன் என்று தெரிந்ததும் முயற்சி செய்வதை விட்டுவிடுவேன். நேராக நிமிர்வேன். எடையை இடது காலுக்கு, அப்புறம் வலது காலுக்கு மாற்றுவேன். "ஒன்று, இரண்டு" என்று வாய்விட்டு எண்ணி ஒரு பெரிய அடி. வாசலுக்குக் குறுக்கே தரையில் ஓரடி இடைவெளியில் கலர் டேப் ஒட்டியிருக்கிறோம். அந்தக் கோட்டைத் தாண்டு என்றால் கால் கேட்கிறது. தானாக நடக்கும் நடைதான் எங்களிடம் போய்விட்டது, பார்த்துப் பார்த்து எடுத்துவைக்கும் அடி இன்னும் இருக்கிறது. நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அரைவட்டமாக நடந்து திரும்பச் சொல்லுங்கள்.

குரல் விஷயம். எங்கள் குரல் எங்களுக்குச் சரியான சத்தத்தில்தான் கேட்கிறது. உரக்கப் பேசினால் கத்துவது போல இருக்கும். இதற்கென்றே எல்எஸ்விடி லவுட் என்ற பயிற்சி இருக்கிறது, வாரம் நான்கு நாள் வீதம் நான்கு வாரம். பேச்சுப் பயிற்சியாளரிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

"போதும்மா" என்பதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். மூளையில் அசைவுக்கும் ஆர்வத்துக்கும் வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருள் இந்த நோயில் குறைகிறது, அது குறைந்தால் ஆர்வமும் குறையும், மனச்சோர்வும் இந்த நோயின் பகுதிதான். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

நீலவானம்:
இரண்டு பேருக்கும் நன்றி. அப்பா ஆறு மணிக்கு எழுகிறார், முதல் மாத்திரையை எட்டு மணிக்குச் சாப்பாடு முடித்த பிறகு போடுகிறார். இத்தனை நாள் இதை யாரும் கேட்டதே இல்லை. நேரத்தை நாங்களே மாற்றலாமா?

நடைவழி:
மாற்றாதீர்கள். சிலருக்கு வெறும் வயிற்றில் குமட்டும். நீங்கள் எழுதியதை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் நேரத்தைச் சொல்வார். எந்தக் காரணத்துக்காகவும் லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வேறு எங்காவது வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு எழுதினால், பார்கின்சன் இருக்கிறது என்று உடனே சொல்லுங்கள். அது டோபமினைத் தடுக்கும் மருந்து. மருந்து நேரம் முடிவாகும் வரை, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து நடக்கக் கூட்டிப் போங்கள்.

இன்னொன்று கேட்க விட்டுப்போனது. தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா? இருமினால் பேச்சுப் பயிற்சியாளரை இந்த வாரமே பாருங்கள். விழுங்குவதைச் சோதிப்பதும் அவர்தான்.